மேகத்துக்கு மேலே ஐந்து லிட்டர் குக்கர்

காட்மாண்டு விமான நிலையத்தில் சுங்க அதிகாரி எங்கள் அட்டைப் பெட்டியைத் திறந்து, உள்ளேயிருந்து ஐந்து லிட்டர் குக்கரை இரண்டு கைகளாலும் தூக்கி மேசைமேல் வைத்தார். குக்கருக்குள் புளி. புளிக்கு அடியில் பெருங்காயம். அதை முகர்ந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு சாம்பார் பொடி, இட்லிப் பொடி, அப்பளக் கட்டு, வடகம், புழுங்கலரிசி, பச்சரிசி, ஒரு தோசைக்கல், மண்ணெண்ணெய் இல்லாத ஒரு பம்ப் அடுப்பு.

"மலை ஏற வந்தீர்களா, ஹோட்டல் வைக்க வந்தீர்களா?" என்று இந்தியில் கேட்டார்.

நாங்கள் எட்டுப் பேரும் சிரித்தோம். ஒன்பதாவதாக நின்ற அஞ்சலை சிரிக்கவில்லை. அவளுக்கு இந்தி தெரியாது. தெரிந்திருந்தாலும் சிரித்திருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். அந்தப் பெட்டி அவள் பொறுப்பு. வெளியே எடுத்த ஒவ்வொரு பொட்டலத்தையும் அவள்தான் திரும்ப அடுக்கிக் கயிறு கட்டினாள். நாங்கள் அதற்குள் வெளியே போய் டீ குடித்துக்கொண்டிருந்தோம். இந்த வாக்கியத்தை எழுதும்போதே எனக்கு உடம்பு எரிகிறது. ஆனால் அன்று எரியவில்லை. டீ நன்றாக இருந்தது.

எட்டுப் பேரும் அடையாற்றில் ஒரே பூங்காவில் காலையில் நடக்கிறவர்கள். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று ஆளுக்கொன்று வைத்திருப்பவர்கள். எங்கள் தலைவர் கணேசமூர்த்தி. தி.நகரில் பட்டுப் புடவைக் கடை வைத்திருக்கிறார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருஷமாகியும் பேச்சு மாறவில்லை. தீபாவளி வியாபாரம் முடிந்த கையோடு, சென்னையில் மழை கொட்டும்போது, நேபாளத்தில் வானம் வெளுத்திருக்கும், மேகத்துக்கு மேலே ஏறி நடக்கலாம் என்று யோசனை சொன்னவர் அவர்தான். கூடவே ஒரு கவலையும் சொன்னார்.

"ஒரு வாரம் அவன் போடுத பருப்பையும் சோத்தையுமா திங்கதுக்கு? உங்க வீட்டு அஞ்சலையக் கூட்டிட்டு வாங்க மேடம். என்னமா ஒரு பொங்கல் வைக்கா!"

அஞ்சலை அபிராமபுரத்தில் என் வீட்டில் பதினோரு வருஷமாகச் சமைக்கிறாள். என்னைவிட எட்டு வயது சின்னவள். முதலில் ஆற்றங்கரையில் குடியிருந்தாள், நடந்தே வருவாள். பிறகு கரையை அழகுபடுத்தப் போகிறார்கள் என்று அந்தத் தெருவையே காலி செய்து, ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் கொண்டுபோய் விட்டார்கள். இப்போது விடிவதற்கு முன் ஒரு பஸ் பிடித்து, திருவான்மியூரில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்து வருகிறாள். வந்ததும் முதலில் ஒரு சொம்பு தண்ணீர் குடிப்பாள். அப்புறம்தான் பேச்சு.

நான் விஷயத்தைச் சொன்னபோது கடாய் தேய்த்துக்கொண்டிருந்தாள். குழாயை மூடினாள்.

"மேகம்லாம் கீழ கீதுன்றியே, மெய்யாவாக்கா?"

"மெய்யாத்தான்."

"தல மேல இருக்காதா?"

"காலுக்குக் கீழே இருக்கும்."

"அப்ப வர்றேன். ஒம்போது பேருக்கு சமையலு, அது இன்னா பெரிய சமையலு?"

பாஸ்போர்ட் தேவையில்லை, வாக்காளர் அட்டை போதும். கணேசமூர்த்தியிடம் நான் தெளிவாகத்தான் சொன்னேன்: அஞ்சலை சமைப்பாள், ஆனால் எங்களோடு மேலேயும் வருவாள். "தாராளமா வரட்டுமே. நாம என்ன வேத்துமையா பாக்குதோம்?" என்றார்.

நாங்கள் எல்லோரும் கணுக்காலைப் பிடிக்கிற மலை ஷூ வாங்கினோம். காற்றடைத்த மாதிரி உப்பிய குளிர்ச்சட்டை வாங்கினோம். அஞ்சலைக்குக் கணேசமூர்த்தி கடையிலிருந்து ஒரு கம்பளிச் சால்வை வந்தது. நான் என் பழைய ஸ்வெட்டரைக் கொடுத்தேன். முழங்கையில் நூல் விட்டிருந்தது. ஷூ என்று யாரோ ஒருவருடைய வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, ஒரு சைஸ் பெரியது, முன்னால் துணி அடைத்துப் போட்டுக்கொண்டாள். பனியும் பாறையும் இருக்கும் இடத்துக்கு ஒரு மனுஷியை இப்படிக் கூட்டிப் போனோம். ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை. நானும்தான்.

மறுநாள் ஜீப். சாலை என்று சொன்னார்கள். மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்ட மயிலாப்பூரைக் குறை சொல்லிக்கொண்டே ஒரு வருஷம் ஓட்டியவள் நான். இந்தப் பாதையைப் பார்த்த பிறகு லஸ் கார்னர் பளிங்குத் தரையாகத் தோன்றியது. ஒரு பக்கம் மலை, மறு பக்கம் ஆறு, நடுவே சேறு. இரண்டாவது ஜீப்பின் பின்பக்கத்தில் பெட்டிகளோடு அஞ்சலை. முன் ஜீப்பில் நாங்கள் அந்தாக்ஷரி பாடினோம்.

ஓர் ஏற்றத்தில் பின் ஜீப்பின் சக்கரம் சேற்றில் புதைந்துவிட்டது. இரண்டு மணி நேரம் நின்றோம். அஞ்சலை இறங்கி, ஓரமாகப் போய் வாந்தி எடுத்துவிட்டு, வாயைக் கொப்பளித்து, வந்து ஒரு கல்லில் உட்கார்ந்தாள். எங்கள் வழிகாட்டி பிமல், இருபத்தைந்து வயசு இருக்கும், பையிலிருந்து ஒரு துண்டு இஞ்சியை எடுத்து அவளிடம் கொடுத்தான். அந்தப் பயணத்தில் அவள் கேட்காமலே அவளுக்குக் கிடைத்த முதல் பொருள் அதுதான், அதுவும் எங்களில் யாரும் கொடுத்ததல்ல.

பக்கத்தில் ஒரு டீக்கடை. அங்கேயும் தீபாவளி முடிந்திருந்தது. வாசலில் சாமந்தி மாலை வாடித் தொங்கியது. கடை நாயின் கழுத்தில்கூட ஒரு மாலை. நாய்க்கும் ஒரு நாள் பூஜை உண்டாம். கடைக்காரப் பெண் பண்டிகைக்குச் சுட்ட அரிசிமாவு வளையத்தை ஆளுக்கொன்று தந்தாள். இனிப்பு, மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. அஞ்சலை அதைப் பிட்டுப் பார்த்து, மாவை எத்தனை நேரம் ஊற வைத்தாள் என்று சைகையில் கேட்டாள். கடைக்காரி கைவிரலால் ஏதோ சொன்னாள். பத்து நிமிஷத்தில் இரண்டு பேரும் அடுப்பருகே நின்று எண்ணெயின் சூடு பற்றி விவாதித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி நேபாளியில், ஒருத்தி தமிழில்.

திரும்பி வந்து ஆற்றைப் பார்த்தாள். கரையோரம் தகரக் கூரை போட்ட வீடுகள் வரிசையாக இருந்தன.

"இவங்கள யாரும் காலி பண்ணச் சொல்லலியாக்கா?"

எனக்குத் தெரியாது என்றேன்.

மூன்றாம் நாள் நடை. காடு. மரங்களின் மேலெல்லாம் பாசி தாடி மாதிரி தொங்கியது. கல் படிகள், வேர்கள், மறுபடியும் கல் படிகள். ஊரில் இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிற நாங்கள் பத்தடிக்கு ஒருமுறை இயற்கையை ரசிப்பது போல நின்றோம். சுமை தூக்க இரண்டு பேரை வைத்திருந்தோம். நெற்றியில் பட்டை மாட்டி, முதுகில் எங்கள் பைகளைச் சுமந்து, ரப்பர் செருப்போடு ஏறினார்கள். சமையல் பெட்டிக்கு மூன்றாவது ஆள் வேண்டுமென்று பிமல் சொன்னான். கணேசமூர்த்தி தேவையில்லை என்றார். பெட்டியைப் பிரித்து, அரிசி பருப்பெல்லாம் அவர்கள் சுமையிலேயே ஏற்றப்பட்டது. குக்கரும் தோசைக்கல்லும் அஞ்சலை முதுகுக்கு வந்தன. ஒரு பள்ளிக்கூடப் பையில் போட்டு மாட்டிக்கொண்டாள்.

"குடு, நான் கொஞ்ச தூரம் எடுத்துட்டு வர்றேன்" என்றேன்.

"நீ முதல்ல உன்ன எடுத்துகினு வா" என்றாள்.

உண்மையைச் சொன்னால், எங்கள் எல்லோரையும்விட அவள்தான் சுலபமாக ஏறினாள். பின்னால் மைதிலி மாமி மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தார். மயிலாப்பூர் மாட வீதிக்காரர், எங்கள் குழுவிலேயே மூத்தவர். "எப்படிடீம்மா இப்படி ஏறிண்டு போறே? நேக்கு முட்டி கழண்டுடும் போலருக்கு" என்று கேட்டார்.

"எங்க வூடு எட்டாவது மாடி மாமி. லிப்டு ஓடாது. தண்ணி கொடத்தோட ஏறுவேன். இது காலி கையி."

முதுகில் குக்கர் இருந்ததை அவள் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

சாயங்காலம் காட்டுக்குள் இருந்த விடுதிக்குப் போய்ச் சேர்ந்தோம். பலகை அறைகள், நடுவே கணப்பு. எங்கும் மூடுபனி. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. விடுதியை நடத்தியவள் மாயா என்ற குருங் இனப் பெண். கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். டிவி சீரியல் பார்த்தே இந்தி கற்றவள். கணேசமூர்த்தி போன வேகத்தில் அவளுடைய சமையலறையைக் கேட்டார். மாயா இடுப்பில் கை வைத்தாள்.

"இங்கே தங்குகிறவர்கள் இங்கே சாப்பிடுவார்கள். என் அடுப்பில் நான்தான் சமைப்பேன். எல்லா விடுதியிலும் இதுதான் வழக்கம்" என்றாள். இந்தி அரைகுறையாகத் தெரிந்த கணேசமூர்த்திக்கு நான் மொழிபெயர்த்தேன்.

அவர் சண்டை போட்டார். தான் எவ்வளவு பெரிய ஆள் என்று சொன்னார். அதையும் மொழிபெயர்க்கச் சொன்னார். நான் சுருக்கிச் சொன்னேன். கடைசியில் மாயா, விறகு போட்டு வைக்கும் கொட்டகையைக் காட்டினாள். மூன்று பக்கம் தகரம், ஒரு பக்கம் திறந்த வெளி. அங்கே, காற்றில் அணைந்து அணைந்து போகும் பம்ப் அடுப்பை வைத்துக்கொண்டு, அஞ்சலை எங்களுக்கு மிளகு ரசமும் அப்பளமும் செய்தாள். நாங்கள் உள்ளே கணப்பைச் சுற்றி உட்கார்ந்து, மலையில் ரசம் குடிக்கிற பாக்கியத்தைப் பற்றிப் பேசினோம். கணேசமூர்த்தி இரண்டு தம்ளர் குடித்தார். நானும் இரண்டு தம்ளர் குடித்தேன். மறைப்பதற்கில்லை.

நாலாம் நாள்தான் நாங்கள் வந்ததற்கே காரணமான நாள். விடுதியிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஏறினால் காடு முடிந்து ஒரு நீளமான முகடு வரும். பாதல் டாண்டா என்று பெயர். மேக முகடு என்று பொருளாம். காலையில் அங்கே நின்றால் மேகமெல்லாம் கீழே கிடக்கும், நேரம் ஆக ஆக மேலேறி மூடிவிடும். பார்த்துவிட்டுத் திரும்பி, சாப்பிட்டு, அன்றைக்கே கீழே இறங்கத் திட்டம்.

வெளிச்சம் வந்ததும் முற்றத்தில் கூடினோம். அஞ்சலையும் சால்வையைச் சுற்றிக்கொண்டு, கேன்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். வழியில் சாப்பிட எங்கள் எல்லோருக்கும் பூரி கட்டிக் கொடுத்திருந்தாள்.

கணேசமூர்த்தி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சல, நீ இங்க இரு. பத்து மணிக்கெல்லாம் பசியோட வருவோம். சாம்பார் வச்சு, ஒரு பொரியலும் பண்ணிரு. சாப்ட்டு உடனே இறங்கணும்லா?"

அஞ்சலை என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. என் ஷூ லேஸ் அவிழ்ந்திருந்தது, குனிந்து கட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது, "சரி சார்" என்று அவள் கொட்டகைப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள்.

நான் ஏறத் தொடங்கினேன். முக்கால் மணி நேரம் ஏறினேன். மனசுக்குள் ஒவ்வொரு படியிலும் ஒரு சாக்கு. அவளுக்குக் குளிரும். ஷூ வழுக்கும். திரும்பி வந்ததும் படம் காட்டலாம். ஒரு திருப்பத்தில் எல்லோரும் நின்று தண்ணீர் குடித்தோம்.

"பாவம், அவளும் வந்திருக்கலாம்" என்றார் மைதிலி மாமி.

கணேசமூர்த்தி பாட்டிலை மூடினார். "அவளுக்கு இதெல்லாம் என்ன தெரியப் போவுது மாமி? மேகம்னா அவளுக்கு மழை. துணி காயப் போட முடியாது, அம்புட்டுதான்."

இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு அதுவரை சேர்த்து வைத்திருந்ததெல்லாம் தொண்டைக்கு வந்துவிட்டது.

"சார், வர்றப்போ என்ன பேசினோம்? அவளும் மேல வருவான்னுதானே சொன்னேன்? தாராளமா வரட்டும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"இவ்வளவு தூரம் மேலதானே மேடம் வந்திருக்கா? சென்னையிலயா இருக்கா?"

"கொட்டகையில இருக்கா."

"ஏன் இப்பம் கத்துதீங்க? நேத்து அந்தக் கொட்டகை ரசத்தத்தானே நீங்களும் குடிச்சீங்க?"

ஒரு கெட்ட மனுஷன் சரியான விஷயத்தைச் சொல்லிவிட்டால் வருகிற கோபம் இருக்கிறதே, அது தனி ரகம். திரும்பி இறங்க ஆரம்பித்தேன். பிமல் கூப்பிட்டான். வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு இறங்கினேன். வழியெல்லாம் அந்த ஆளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. பாண்டி பஜார் நடைபாதையில் நின்று பேசுகிற மாதிரி சத்தமாகவே பேசிக்கொண்டு இறங்கினேன். ஒரு மலைப் பறவை பயந்து பறந்தது.

கொட்டகையில் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது. அஞ்சலை ஒரு விறகுக் கட்டையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கேன்வாஸ் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தாள். நேற்றைய ஏற்றத்தில் இடது ஷூவின் அடிப்பாகம் வாய் பிளந்திருந்தது.

"இன்னாக்கா, திரும்பி வந்துகினே? மயக்கமா?"

"இல்லை. நீ இல்லாம எனக்குப் போக மனசு வரலை. அந்த ஆளு பேசின பேச்சு..." என்று ஆரம்பித்து, மேகம், மழை, துணி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எழுந்து என் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ.

அஞ்சலை நறுக்குவதை நிறுத்தவில்லை.

"அவரு அப்டித்தான் பேசுவாரு. அவரு எனக்கு யாரு? அவரா என்னைக் கூட்டியாந்தாரு? நீ கூட்டியாந்தே. மேகத்தப் பாக்கலாம் வான்னு சொன்னே."

"ஆமா."

"காலைல அவரு இங்கயே இருன்னாரே, அப்ப நீ எங்க இருந்தே?"

"அங்கேதான்."

"குனிஞ்சிகினு இருந்தே. நான் பாத்தேன். லேஸ ரெண்டு வாட்டி கட்டினே." கத்தியை வைத்தாள். "அப்பவே ஒரு வார்த்த, அவரு மூஞ்சிக்கு நேரா, அவளும் வர்றான்னு சொல்லியிருந்தா முடிஞ்சிது. அங்க போயி மரத்தாண்ட நின்னு சண்ட போட்டா எனக்கு இன்னா தெரியும்? இப்ப வந்து நீ கோவப்பட்டுகினு நிக்கிற. நான் இன்னா பண்ணணும்? பீன்ஸ் நறுக்கறதா, உனக்கு ஆறுதல் சொல்றதா?"

பதினோரு வருஷத்தில் அவள் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. உப்பு கூடிவிட்டது என்று நான் சொன்ன நாட்களில் பேசியதில்லை. மழையில் நனைந்து வந்த அன்று ஏன் தாமதம் என்று கேட்டேனே, அப்போதும் பேசியதில்லை. எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. அவமானமா, கோபமா, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கணேசமூர்த்திமேல் இருந்த கோபத்தில் பாதி யாரிடம் போக வேண்டும் என்று தெரியாமல் நின்றது.

"தப்புதான் அஞ்சலை" என்றேன். "இப்போ வா, போகலாம். இன்னும் நேரம் இருக்கு."

"சாம்பாரு?"

"அந்த மாயாம்மா தால் பாத் போடுவா, பருப்பும் சோறும். எல்லாரும் அதைச் சாப்பிடட்டும்."

"நீ சொல்லுவியா அவராண்ட?"

"சொல்றேன்."

அவள் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. ஆனால் குனிந்து அடுப்பின் காற்றைத் திறந்துவிட்டாள். புஸ்ஸென்று அணைந்தது.

சத்தம் கேட்டு வெளியே வந்த மாயா எதையும் கேட்கவில்லை. மொழி தெரியாவிட்டாலும் விஷயம் அவளுக்கு நேற்றே புரிந்திருந்தது போல. வாய் பிளந்த ஷூவைக் காலால் தள்ளிவிட்டு, உள்ளே போய்த் தன்னுடைய கறுப்பு ரப்பர் பூட்ஸையும் கம்பளிக் காலுறையையும் கொண்டுவந்து அஞ்சலை முன்னால் வைத்தாள். சரியான அளவு. "பாதை ஒன்றுதான். எங்கும் திரும்பாதீர்கள். சீக்கிரம் போங்கள், மேகம் ஏறுகிறது" என்றாள்.

நாங்கள் ஏறினோம். அவள் முன்னே, நான் பின்னே. எனக்காக அவள் இரண்டு முறை நிற்க வேண்டியிருந்தது. பாதி வழியில் மேலிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது. எங்கள் குழு இறங்கிக்கொண்டிருந்தது. எல்லோர் முகத்திலும் பார்த்துவிட்டு வந்தவர்களின் பளபளப்பு.

கணேசமூர்த்தி எங்களைப் பார்த்து நின்றார். "அஞ்சல, எங்க கெளம்பிட்ட? சாப்பாடு?"

அஞ்சலை திரும்பி என்னைப் பார்த்தாள். இந்த முறை என் லேஸ் சரியாகவே இருந்தது.

"சாப்பாடு பண்ணலை சார். அவ மேல வர்றா. நீங்க மாயாகிட்ட தால் பாத் வாங்கிச் சாப்பிடுங்க."

"பன்னெண்டு மணிக்கு இறங்கணும் மேடம். உங்க ரெண்டு பேருக்காக ஏழு பேரு காத்துக் கெடக்கணுமா?"

"காத்திருக்க வேண்டாம். நீங்க இறங்குங்க. நாங்க நாளைக்கு வர்றோம். நான் கூட்டிட்டு வந்தவ, நான் கூட்டிட்டுப் போறேன். இனிமே அவ உங்களுக்குச் சமைக்க மாட்டா. கீழேயும் கிடையாது, ஊருக்குப் போயும் கிடையாது."

கடைசி வாக்கியத்தைச் சொல்ல எனக்கு உரிமை இல்லைதான். வேகத்தில் வந்துவிட்டது. ஆனால் அஞ்சலை, "ஆமா சார்" என்றாள்.

அவர் சிவந்துபோனார். பிறகு மேலே கையைக் காட்டி, மெல்லிய ஒரு சந்தோஷத்தோடு சொன்னார்: "போங்க, போங்க. மேல மூடிட்டு. இனி ஒரு மண்ணும் தெரியாது."

அவர்கள் எங்களைக் கடந்து இறங்கினார்கள். கடைசியாக வந்த மைதிலி மாமி தன் கைத்தடியை அஞ்சலை கையில் திணித்துவிட்டு, பிமலின் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி இறங்கினார். இறங்குமுன் பிமல் என் காதருகே வந்து, "முகட்டின் கடைசி வரை போங்கள். அங்கே உயரம் அதிகம். உட்கார்ந்து காத்திருங்கள். காற்று மாறினால் மேகம் இறங்கும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கணேசமூர்த்தி சொன்னது சரி. மூடித்தான் இருந்தது. காடு முடிந்து புல்வெளி வந்தது, அப்புறம் எல்லாம் வெள்ளை. என் கையை நீட்டினால் விரல்கள் மங்கலாகத் தெரிந்தன. முகட்டின் கடைசியில் ஒரு கல் மேடையும், காற்றில் படபடக்கும் வண்ணக் கொடிகளும் இருந்தன. அங்கே உட்கார்ந்தோம். ஈரம் புருவத்தில் முத்து முத்தாகக் கட்டியது. என் உப்பிய குளிர்ச்சட்டையைக் கழற்றி அவளிடம் நீட்டினேன். இந்த முறை வேண்டாமென்று சொல்லாமல் வாங்கிப் போட்டுக்கொண்டாள். நான் சால்வையைச் சுற்றிக்கொண்டேன். பட்டுப் புடவைக் கடைச் சால்வை ஒன்றுக்கும் உதவாது என்பது ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது.

என் பங்குப் பூரியை இருவரும் தின்றோம். ஒரு மணி நேரம் போயிருக்கும். எனக்குள் கணேசமூர்த்தியின் சிரிப்பு கேட்டுக்கொண்டே இருந்தது. இந்த ஆள் சொன்னதுதான் நடக்கப் போகிறதா? இவ்வளவுக்குப் பிறகும் அவர் ஜெயிப்பாரா? நான் மேகத்தைத் திட்ட ஆரம்பித்திருந்தேன்.

"கம்முனு இருக்கா" என்றாள் அஞ்சலை.

முதலில் காற்று முதுகுப் பக்கத்திலிருந்து வந்தது. கொடிகள் எதிர்ப்பக்கம் திரும்பிப் படபடத்தன. பிறகு தலைக்கு மேலே ஒரு நீலத் துளி. அது விரிந்தது. எதிரே, நான் மலை இருக்கும் என்று நினைத்த இடத்துக்கு வெகு மேலே, வெள்ளையாக ஒரு சிகரம் முளைத்தது. மீன் வால் மாதிரி இரண்டாகப் பிளந்த உச்சி. அப்புறம் அதன் பக்கத்தில் இன்னொன்று, இன்னொன்று. எங்களைச் சுற்றியிருந்த வெள்ளை மெல்ல வழிந்து, முழங்காலுக்கு, பாதத்துக்கு, பாறைக்குக் கீழே இறங்கியது. கடைசியில் நாங்கள் உட்கார்ந்திருந்த முகடு மட்டும் ஒரு படகின் முதுகு போல வெளியே நின்றது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை மேகம். வெயில் பட்டு, மடிப்பு மடிப்பாக, அசையாமல் கிடந்தது.

நான் சிகரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அஞ்சலை அவற்றைப் பார்க்கவே இல்லை. விளிம்பருகே போய் நின்று கீழேயே பார்த்தாள். வெகுநேரம். பிறகு தடியின் நுனியால் கீழே காட்டினாள்.

"அதுக்குள்ளதான் ஏறி வந்தமா?"

"ஆமா."

"அதுக்குள்ள இருக்கும்போது ஒண்ணியும் தெரியல பாரு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். சத்தமாக, வயிற்றிலிருந்து. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. என் சமையலறையில் சிரிக்கிற சிரிப்பு வேறு.

ஊர் திரும்பியதும் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மறுநாள் மாயாவின் தால் பாத்தைத் தின்றுவிட்டு, எங்களுக்காக மேலே திரும்பி வந்த பிமலோடு இறங்கினோம். சென்னையில் குழுவின் வாட்ஸ்அப்பிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். நான் பயணத்தையே கெடுத்துவிட்டதாகப் பூங்காவில் பேச்சு. நான் இப்போது திருவான்மியூர் கடற்கரையில் தனியாக நடக்கிறேன். மைதிலி மாமி மட்டும் போன் செய்து, "நான் அன்னிக்கே வாயத் தொறந்து சொல்லிருக்கணும்டி" என்றார். நானும்தான் மாமி என்றேன். கணேசமூர்த்தி தன் வீட்டு விசேஷத்துக்குச் சமைக்க அஞ்சலையைக் கூப்பிட ஆள் அனுப்பினார். அவள் போகவில்லை. என் வீட்டுக்கு வருகிறாள். ஞாயிற்றுக்கிழமை வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கேட்கவில்லை, சொன்னாள். அந்த நாட்களில் நானே சமைக்கிறேன். என் பொங்கல் குழைந்துவிடுகிறது. எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. யார்மேல் என்று மட்டும் முன்பைவிடத் தெளிவாகத் தெரிகிறது.

ஆனால் நான் முடிக்க விரும்புவது அந்த முகட்டில்தான்.

மேகம் மறுபடி ஏறத் தொடங்குவதற்கு முன், அஞ்சலை இடுப்பிலிருந்து தன் போனை எடுத்து என்னிடம் நீட்டினாள். திரையில் குறுக்கே ஒரு விரிசல். தலைமுடியைக் கோதிவிட்டுக்கொண்டாள். தடியை ஊன்றி, மேகத்துக்கு முதுகு காட்டி, ரப்பர் பூட்ஸ் தெரிகிற மாதிரி ஒரு காலை முன்னால் வைத்து நின்றாள். நான் அவள் பக்கத்தில் போய் நின்று, தோளில் கை போட்டு, இருவரும் தெரிகிற மாதிரி போனை எட்டிப் பிடித்தேன். எவ்வளவு பாடுபட்டு அங்கே வந்து சேர்ந்தோம் என்ற நினைப்பில் எனக்குக் கண் கலங்கியிருந்தது.

அஞ்சலை என் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டாள். கோபமாக அல்ல, முகத்தில் விழுந்த முடியை ஒதுக்குவது போல.

"நீ கொஞ்சம் தள்ளிக்கோக்கா" என்றாள். "நான் மட்டும்."

தள்ளிக்கொண்டேன்.